விளம்பரத்தோடு கிடைத்த செய்தியறிக்கை

ஞாயிறு, காலை 9.10. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்தில் ரயில் ஏறினேன். நான் போகும் ஏவன்டேல் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் ரயில் ஊரைச் சுற்றி வளைத்துத்தான் போகிறது. பாரிஸிலிருந்து ஒன்றரை நாள் பயணம் செய்து வந்தவனுக்கு இதெல்லாம் ஒரு தூரமா?

எனக்குச் சொந்த ஊர் மதுரை. பாரிஸில், பழைய தொலைக்காட்சி ஒளிப்பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் ஆய்வுக் குழு ஒன்றில் வேலை. ஐரோப்பியத் தொலைக்காட்சி வரலாற்றை இணையத்தில் தொகுக்கிறோம். அதில் தமிழுக்கு ஒரு பக்கம் இல்லை. பாரிஸிலிருந்து தமிழில் செய்தி ஒளிபரப்பிய நிலையம் ஒன்று இருந்தது. அது மூடியபோது நாடாக்களும் குப்பைக்குப் போயின. குழுக் கூட்டத்தில் நான் சண்டை போட்டேன். “நிலையத்தின் முத்திரை, கடிகாரம், விளம்பரம் எல்லாம் அறுபடாத ஒரு முழு ஒளிபரப்பைக் கொண்டு வா, பக்கம் தருகிறோம். வெள்ளிக்கிழமை கடைசி” என்றார்கள். அங்கே செய்தி வாசித்தவர் வீட்டில் வீடியோ கசெட்டுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் புறப்பட்டேன்.

10.00. ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் நல்ல கூட்டம். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஐந்து டாலருக்கு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் நடந்தேன்.

“ஓம் தம்பி, வாங்கோ, வாங்கோ!” கதவைத் திறந்தவர் மனோகரி அக்கா, அந்த நிலையத்தின் செய்தி வாசிப்பாளர். அவர் நேரலையில் வாசிக்க, கணவர் சிவநேசன் வீட்டில் இருந்து ஒவ்வொரு நாளும் பதிவு செய்திருக்கிறார். நியூசிலாந்துக்குக் குடிவந்தபோது உடுப்பைக் குறைத்துக் கசெட்டுகளைப் பெட்டியில் அடைத்தவரும் அவர்தான்.

10.40. நான் சுமந்து வந்த பிளேயரில் முதல் கசெட்டைப் போட்டேன். படம் துல்லியம். ஆனால் விளம்பரம் தொடங்கும் நேரம் பார்த்து ஒரு வெட்டு. அடுத்த கசெட்டிலும் வெட்டு. அதற்கடுத்ததிலும்!

“விளம்பரம் வந்தால் இவருக்குப் பொறுக்காது. ரிமோட்டாலை உடனை பதிவை அமத்திப்போடுவார்” என்றார் அக்கா.

“ஒரு விளம்பரமும் இராது தம்பி. அவ்வளவு சுத்தம்!” என்றார் சிவநேசன், மார்பு நிமிர்த்தி.

எங்கள் அப்பாவும் இப்படித்தான். பழைய பாட்டுகளைப் பதியும்போது ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார். கசெட்டை மிச்சம் பிடிக்காத தமிழ் வீடு உண்டா? மென்று விழுங்கி, விளம்பரம்தான் வேண்டும் என்ற உண்மையைச் சொன்னேன். சிவநேசன் முகம் வாடிவிட்டது.

சற்று யோசித்தவர் எழுந்து உள்ளே போய், துணியில் சுற்றிய ஒரு கசெட்டோடு வந்தார். “இது பழுதாப் போனது. விளம்பரம் எல்லாம் அப்பிடியே கிடக்கு. வெக்கத்திலை ஒருத்தருக்கும் காட்டேல்லை.”

போட்டேன். நிலையத்தின் முத்திரை. கடிகாரம். சேலைக்கடை விளம்பரம், நகைக்கடை விளம்பரம். பிறகு, முப்பது வயது மனோகரி அக்கா, “வணக்கம்” என்றார். அரை மணி நேரமும், இடையில் வந்த விளம்பரங்களிலும்கூட, ஒரு வெட்டு இல்லை. நான் துள்ளிக் குதித்ததில் தேநீர் விரிப்பில் கொட்டியது. அக்கா திட்டவில்லை.

2.15. கணினிக்கு மாற்றிப் பாரிஸுக்கு அனுப்பியாயிற்று. அங்கே விடியாத நேரம்; ஆனாலும் விழித்திருந்த குழுத் தலைவரிடமிருந்து தமிழ்ப் பக்கம் உறுதி என்று பதிலும் வந்துவிட்டது. எந்த அரசும் காப்பாற்றாத ஒரு தொலைக்காட்சியை ஏவன்டேலில் ஒரு வாடகை வீடு காப்பாற்றியிருக்கிறது. தமிழனாகப் பிறந்ததற்கு அன்று எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

இருவரும் ரயில் நிலையம் வரை வந்தார்கள். வண்டிக்குக் காத்திருக்கையில் அக்கா கணவரைக் கேட்டார்: “அது நான் வாசிச்ச முதல் நாளெல்லோ? அண்டைக்கு மட்டும் ஏன் அமத்தேல்லை? நித்திரை கொண்டிட்டீங்களோ?”

“நித்திரையோ? முதல் வந்த விளம்பரங்கள் முடிஞ்சு நீர் வருவீர் வருவீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். நீர் வந்தாப் பிறகு, கையிலை ரிமோட் இருக்கிறதே நினைப்பில்லை.”

இத்தனை வருடமும் அவர் இதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. செய்தி வாசித்தவர் திரும்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் வந்தும் என்னை வழியனுப்ப இருவருக்கும் தோன்றவில்லை. நானே ஏறிக்கொண்டேன்.