சாந்தோமில் ஒரு சாஃப்ட்பால் டீச்சர்

காலேஜில் விளையாட்டு டீச்சராக இருப்பதென்றால், கல்யாணத்துக்கு நிற்கும் பெண்களை வெயிலில் நிறுத்திக் கறுக்க வைப்பதற்குச் சம்பளம் வாங்குவது என்று அர்த்தம். பெற்றோர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். விசில் ஊதிப் பிழைத்த சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலை கிடைத்த விதம்

நான் சாந்தோமில் பிறந்தவள். அப்பா, பெரியப்பா, இரண்டு அத்தைகள் எல்லாரும் வாத்தியார்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம், சாப்பாட்டுக்குப் பின்னால் பரீட்சைப் பேப்பர். நானும் பூகோளம் படித்துவிட்டு, பக்கத்துப் பெண்கள் கல்லூரியில் பூகோள டீச்சர் வேலைக்கு மனுப் போட்டேன்.

நேர்காணலன்று சர்டிபிகேட் நகலில் கையெழுத்து வாங்க லஸ்ஸுக்குப் போனவளுக்குத் திரும்பி வர வண்டி கிடைக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கச்சேரி ரோடு முழுக்க ஓடினேன். மாடி ஜன்னலிலிருந்து கல்லூரித் தலைவி மதர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று யார் கண்டது? பூகோளத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரு விசிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பூகோளத்துக்கு ஆள் கிடைக்கும்மா. இப்படி ஓடி வர்ற பொம்பளை எங்கே கிடைப்பா?"

தோல் உறை

உலகச் சண்டை முடிந்து ஊருக்குக் கப்பலேறிய ஒரு அமெரிக்கத் துரைசானி எங்கள் கல்லூரிக்கு ஒரு மரப்பெட்டியை விட்டுப்போனார். உள்ளே இரண்டு மட்டை, நாலு பந்து, தடித்தடியாகத் தோல் கையுறைகள், ஒரு விதிப்புத்தகம். ஆட்டத்தின் பெயர் சாஃப்ட்பால். முதல் பந்து என் கட்டைவிரலில் பட்டபோதே, அது பேருக்குத்தான் சாஃப்ட் என்று தெரிந்துகொண்டேன்.

என் மாணவிகளில் மயிலாப்பூர் விசாலத்துக்கு நல்ல கண், நல்ல கால். ஆனால் கையுறையை மோந்து பார்த்துவிட்டு, "மாட்டுத் தோலா டீச்சர்? ஆத்துல தெரிஞ்சா தொலைஞ்சேன்" என்று கீழே போட்டாள். மறுநாள் அவள் அம்மாவே கல்லூரிக்கு வந்துவிட்டார். கணவர் மிருதங்க வித்வான், ஆசாரமான குடும்பம். பெட்டியைத் திருப்பிக் கட்டிவிடலாம் என்றே நான் நினைத்தேன். அந்த அம்மாள் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"ஏண்டி, உங்கப்பா தினமும் மடியில வச்சுண்டு தட்டறாரே, அது என்ன வாழைப்பட்டையா?"

பந்து வீச ஒரு குரு

சாஃப்ட்பாலில் கையைத் தோளுக்கு மேலே தூக்காமல், கீழிருந்து வீச வேண்டும். புத்தகத்தில் படம் போட்டிருந்தது. ஒரு மாதம் அதைப் பார்த்துப் பார்த்து வீசியும் விசாலத்தின் பந்து பாதி வழியிலேயே உட்கார்ந்துவிடும்.

ஒருநாள் பந்து மதிலைத் தாண்டிப் போயிற்று. நான் வாசலுக்கு ஓடுவதற்குள், குப்பத்திலிருந்து கன்னியர் மடத்துச் சமையலறைக்கு மீன் கொண்டுவரும் அந்தோணியம்மா அதை எடுத்து, கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே கீழ்க்கையால் ஒரு வீசு வீசினார். பந்து மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்து மரத்தில் மோதியது. கரையில் மீனைத் தரம் பிரித்து எட்டத்துக் கூடைகளில் எறிந்து பழகிய கை! நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். விசாலத்தை வீசச் சொல்லிவிட்டு, கூடையை இறக்கி வைத்து, மூக்கின்மேல் விரல் வைத்துப் பார்த்தார் அந்தோணியம்மா.

"இன்னா டீச்சரம்மா, இடுப்ப அசைக்காம கைய மட்டும் ஆட்டிக்கினு கீது? இது பந்து வீசுதா, சாமிக்குப் பூ போடுதா?"

அடையாற்றில் பந்தயம்

அதற்கப்புறம் விசாலத்தின் பந்தைப் பிடிப்பவளுக்குத் தினமும் உள்ளங்கையில் ஒத்தடம் தேவைப்பட்டது. முதல் பந்தயம் அடையாற்றில், இன்னொரு பெண்கள் கல்லூரியோடு. அதே நாள் மாலையில் விசாலத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள்! மூன்று மணிக்குள் அனுப்பிவிடுவதாக அவள் அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தேன்.

நடுவர் கிரிக்கெட்டில் நரைத்த ஒரு ரிடையர்டு தாசில்தார். ஒவ்வொரு பந்துக்கும் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மூன்றரைக்கு மேல் ஆகியும் இரு பக்கமும் சமம். மைதான வாசலில் ஜட்கா வந்து நின்றது. உள்ளே விசாலத்தின் அப்பா, முகத்தில் எள்ளும் கொள்ளும். கடைசி ஆட்டத்தில் மட்டை விசாலத்தின் கையில். ஓங்கி அடித்தாள். பந்து வேலியோரப் புதரில் விழுந்தது. ரன் எடுக்கத் தொட வேண்டிய மூன்று மூலைகளையும் தொட்டு, விழுந்து முழங்கை சிராய்த்து, எழுந்து, புறப்பட்ட இடத்தையும் தொட்டாள். ஜெயித்துவிட்டோம்! அவளோ நிற்காமல் அப்படியே வாசலைப் பார்த்து ஓடி ஜட்காவில் ஏறினாள். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரன் செல்லும். ஆனா அந்தப் பொண்ணு யாருக்குப் பயந்து இன்னும் ஓடறா?"

பெண் பார்த்த படலம்

"டீச்சர், நீங்களே வந்து பதில் சொல்லுங்கோ" என்று அப்பா என்னையும் ஜட்காவில் ஏற்றிவிட்டார். அவர்கள் வீட்டுக் கூடத்தில் பிள்ளை வீட்டார் காத்துக் காத்துக் காப்பியும் ஆறியிருந்தது. அரை நிமிஷத்தில் முகம் கழுவி, பட்டுப் புடவை சுற்றிக்கொண்டு விசாலம் வந்து நமஸ்காரம் செய்தாள். முழங்கையில் ரத்தம். "இதென்னடி காயம்?" என்றார் பிள்ளையின் அம்மா.

படியில் விழுந்துவிட்டாள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் விசாலம், "பந்தயத்துல ஓடினேன், விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டாள். என் வேலை போயிற்று, அவள் வரனும் போயிற்று என்று நான் ஜெபமாலையைத் தேடினேன். அதுவரை பாயையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைப் பையன் மெல்லத் தலையைத் தூக்கினான்.

"அப்புறம்... ஜெயிச்சேளா?"

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: சுமாராக ஆடுகிறவர்கள் படிப்பு முடிகிறவரை டீமில் இருப்பார்கள், நன்றாக ஆடுகிறவர்களின் கல்யாணப் பந்தியில் நாம் உட்கார்ந்திருப்போம்.