ஆயில்யம் என்று அடித்த மிஷின்

கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டுத் தருகிறேன். கடை என்று தனியாக இல்லை, வீட்டின் முன் அறைதான். அங்கே இருக்கும் ஜாதக புரோகிராம் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் பழையது. திரை முழுக்கக் கறுப்பு, எழுத்து வெள்ளை, மவுஸ் கிடையாது. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் பிரிண்டர் கிரீச்சென்று கத்திக்கொண்டே நான்கு பக்கம் அடித்துத் தரும். மானிட்டர் மாற்றியிருக்கிறேன், ரிப்பன் எத்தனையோ மாற்றியிருக்கிறேன். புரோகிராமைத் தொட வேண்டி வந்ததே இல்லை.

எனக்கு ஆட்களோடு பேச வராது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஒரு ஜவுளிக் கடையில் நின்றேன். வருகிறவர்களை வாங்க என்று கூப்பிட வாய் எழவில்லை. ஆறு மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். இந்த வேலையில் பேச வேண்டியதில்லை. நல்லதோ கெட்டதோ, தாளே சொல்லிவிடும்.

மிஷின் வீட்டுக்கு வந்த அன்று சோதித்துப் பார்க்கத் தங்கையின் ஜாதகத்தைத்தான் போட்டேன். எங்கள் வீட்டில் ஜாதகம் எழுதி வைக்கும் வழக்கம் இல்லை. அப்பா மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டியவர். அவள் பிறந்த தேதியையும், சாயங்காலம் ஆறு மணி என்பதையும் ஒரு பழைய பத்திரத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தார். நட்சத்திரம் என்னவென்று யாருக்கும் தெரியாது. மிஷின்தான் முதலில் சொன்னது. ஆயில்யம், நான்காம் பாதம், கடக ராசி. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தன் பெயரை அச்சில் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

ஆயில்யத்துப் பெண் மருமகளாக வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் அந்தத் தாளைத்தான் கேட்டார்கள். களமருதூரிலிருந்து வந்த குடும்பம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாப்பிள்ளைக்கு அவளைப் பிடித்திருந்தது. கேசரி சாப்பிட்டுவிட்டு அவன் அம்மா தாளை வாங்கிப் பார்த்தார்.

"பொண்ணு மேல ஒரு குறையும் இல்லீங்க. எனக்குத்தான் ரெண்டு வருஷமா மூச்சு எளப்பு. பயமா கீது" என்றார்.

அந்த அம்மாவைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

அதற்கப்புறமும் ஏழெட்டு இடம் வந்து போனது. ஒரு தடவை எங்கள் அத்தை வீட்டு மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆறு மணின்றத எட்டு மணின்னு தட்டுடா, நட்சத்திரம் மாறிடும். மிஷின் இன்னா கோர்ட்டுக்கா போவப் போவுது? உன் கைதானே அடிக்குது?"

"மாட்டேன் மாமா."

"அரிச்சந்திரன் வூட்ல பொண்ணெடுத்துட்டேன் போ" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஊருக்கெல்லாம் சரியாகப் போட்டுக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்கு மட்டும் பொய்யாகப் போட எனக்குக் கை வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதலில் அவளுக்கு ஆகட்டும் என்று இருந்தேன், பிறகு வயது போய்விட்டது. அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு நானும் அவளும்தான். நான் தட்டுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தாளின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்டிருக்கும் பட்டையைக் கிழித்து எடுத்துப் பக்கங்களைச் சேர்த்துக் கொடுப்பாள்.

போன தை மாதம் நைனார்பாளையத்திலிருந்து ஒருவர் வந்தார். உரக்கடை வைத்திருப்பவர். மகளுக்கு ஜாதகம் போட்டுக் கொடுத்தேன். தாளைப் பார்த்துவிட்டு, போனில் வைத்திருந்த ஜாதக ஆப்பிலும் தட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, நீங்க ரேவதின்றீங்க, போன் அஸ்வினின்னுது? உங்க மிஷினுக்குக் கண்ணு மங்கிப்போச்சா?"

"எங்களுது வாக்கியப் பஞ்சாங்கங்க" என்றேன்.

"இதுல திருக்கணிதம்னு போட்டுகீது."

பழைய சூத்திரப்படி வாக்கியம், இன்றைய வானியல் கணக்குப்படி திருக்கணிதம் என்று பஞ்சாங்கம் இரண்டு வகை என்பதும், நட்சத்திரம் மாறுகிற சமயத்தில் இரண்டுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும் என்பதும் எனக்குத் தெரியாதது இல்லை. இங்கே சோசியர்கள் எல்லாரும் வாக்கியம்தான் பார்ப்பார்கள். அதனால் அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

தங்கை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "எனுதும் ஒருவாட்டி போட்டுப் பாருங்கண்ணா" என்று தேதியையும் நேரத்தையும் சொன்னாள்.

அவர் தட்டினார். "மகம். சிம்ம ராசி. ஜோரா கீதும்மா. எத்தினி பசங்க உனக்கு?"

"இல்லீங்க" என்றாள்.

அவர் போனதும் அடுத்த தாளின் பட்டையைக் கிழிக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"புதுசு போட்டுக்கலாம்மா. அதுல ரெண்டு பஞ்சாங்கமும் வருமாம். இத எடுத்துடறேன்."

"இப்ப எதுக்கு? நல்லாத்தானே ஓடுது."

"இல்லம்மா, நான்..."

"உன்மேல கோவம் இல்லண்ணா. நீ இன்னா, பொய்யா அடிச்ச?"

அன்றைக்கு மாமா பேச்சைக் கேட்டுப் பொய்யாகவே அடித்திருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன்.

அவள் கழுநீரைக் கொட்டிவிட்டு வந்தாள். "நீ இத்த எடுத்துட்டீன்னா, பொண்ணு பாக்க அவங்கள்லாம் வந்துட்டு வந்துட்டுப் போனது சும்மான்னு ஆயிடும். அந்த ரூம்ல தெனம் உக்காந்துகினு என்னால அத்தப் பாக்க முடியாது. இதுவே இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

நான் புதியது போடவில்லை. இன்றும் அந்தக் கறுப்புத் திரையில்தான் தட்டுகிறேன்.

போன வாரம் கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து ஓர் அம்மா மகளின் பிறந்த நேரத்தோடு வந்தார். ஆயில்யம் என்று வந்தது. அவர் முகம் மாறியது. நான் இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"வேற எடத்துலயும் ஒருவாட்டி பாத்துடுங்கம்மா. திருக்கணிதம்னு கேளுங்க" என்றேன்.

"ஏங்க, உங்க மிஷின் சரியில்லையா?"

தங்கையின் கை தாளின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்க்கவில்லை.

"நல்லாத்தாங்க வேலை செய்யுது" என்றேன்.