மந்திரமூர்த்தியின் ஒரே கேசட்

தென்காசி மர அறுவை மில்லில் வேலை பார்த்த மந்திரமூர்த்திக்கு மெதுவாகப் பேச வராது. நாள் முழுக்க ரம்பச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவன் தொண்டை அப்படி ஆகியிருந்தது. கிட்டார் மட்டும் நன்றாகப் பழகியிருந்தான். கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டுப் பாடும் குழு ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு வரவேற்பில் பாடகர் வராமல் போகவே, அவனைப் பாடச் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து வந்து நிறுத்தினார்கள். குழுவும் அவனை அத்தோடு அனுப்பிவிட்டது.

அதன் பிறகுதான், 1974இல், அதே மில்லில் மரத்தடி சுமந்த சுடலைக்கண்ணுவைச் சேர்த்துக்கொண்டு ‘இடிமுழக்கம்’ என்று சொந்தக் குழு தொடங்கினான். சுடலைக்கண்ணு யாரிடமும் வாத்தியம் படித்தவனில்லை. பள்ளிக்கூடம் ஒன்று கழித்துப் போட்ட பேண்டு டிரம்முக்குத் தோல் மாற்றி வைத்திருந்தான். கிட்டாரை, விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் நம்பிராஜனின் மைக் செட்டிலேயே கோத்துவிடுவார்கள். குழாய் ஸ்பீக்கர் வழியாக அது இரும்பை ராவுவதுபோலக் கரகரக்கும். மந்திரமூர்த்திக்கு அந்தச் சத்தம்தான் பிடித்திருந்தது.

பாட்டெல்லாம் அவனே கட்டியவை. ஒரு பீடி புகைந்து முடிவதற்குள் ஒரு பாட்டு தீர்ந்துவிடும். ரேஷன் கடைப் புழுத்த அரிசி, மில்லில் விரல் போனவனைத் திரும்பிப் பார்க்காத முதலாளி, குற்றால சீசனுக்கு வந்து உள்ளூர்க்காரனை அருவியில் ஒதுங்கி நிற்கச் சொல்லும் பெரிய மனிதர்கள் என்று ஒருவரையும் விடமாட்டான். ஊர்க் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு ஓய்ந்த நேரத்தில் இவர்களை மேடையேற்றுவார்கள். வயதானவர்கள் காதைப் பொத்திக்கொண்டு போய்விடுவார்கள். இளவட்டங்கள் புழுதி கிளம்ப ஆடுவார்கள். சுரண்டையிலிருந்து சிவகிரி வரை ஆள் வந்து கூப்பிட ஆரம்பித்தார்கள்.

1976 வைகாசியில் இலத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மதியக் கொடை. அன்று ஒரு புதிய பாட்டைப் பாடினான். ஆட்டைத் திருட்டுக் கொடுத்துவிட்டுப் புகார் சொல்லப் போனவன் லாக்கப்பில் கிடக்கிறான். அவன் பெண்டாட்டி வாசலில் நின்று கேட்கிறாள்:

ஆடு போச்சு ஏட்டையா,
ஆளும் போச்சு ஏட்டையா,
அடுத்து என்ன ஏட்டையா?

கூட்டம் கூடவே பாடியது. மறுபடியும் பாடச் சொல்லிக் கேட்டது. காவலுக்கு வந்திருந்த போலீஸ்காரர்கள் மேடைக்கு அருகிலேயே நின்றார்கள். நெருக்கடி நிலைக் காலம். மேடையை விட்டு இறங்கியதும் இருவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மந்திரமூர்த்தியை வெளியே எடுத்தவர், அவன் பாட்டில் திட்டிக்கொண்டிருந்த அதே மில் முதலாளி. ரம்பம் ஓட்ட ஆள் வேண்டியிருந்தது. சுடலையையும் விடச் சொல்லுங்கள் என்று மந்திரமூர்த்தி அவர் காலைப் பிடித்தான்.

“ஒருத்தனுக்குத்தாம்லே பேச முடியும்” என்றார் அவர். “சொமக்கதுக்கு ஆளா இல்ல?”

சுடலைக்கண்ணுவை இன்னும் சில நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். ரத்தமாகச் சிறுநீர் போனது. வீட்டுக்கு வந்த வாரமே இறந்தான். குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்தவன் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவன் மனைவி ஆவுடைத்தாய் கைப்பிள்ளையோடு குற்றாலத்துக்குப் போய், ஒரு விடுதியில் துணி துவைக்கிற வேலையில் சேர்ந்தாள்.

மந்திரமூர்த்தி வேறு வேறு டிரம்காரர்களை வைத்துக்கொண்டு இன்னும் பல வருஷம் பாடினான். அந்த ஒரு பாட்டை மட்டும் பாடவில்லை. ஆவுடைத்தாயைப் பார்க்கவும் போகவில்லை. 1984இல் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் அறுத்தெடுத்தார்கள். திரும்பி வந்தபோது அவனிடம் காற்று மட்டும்தான் இருந்தது. காதருகே குனிந்தால்தான் என்ன சொல்கிறான் என்று புரியும்.

தென்காசியிலேயே இருந்த ஹைருன் பீவியின் கணவர் சவூதியில் இருந்தார். அவர் அனுப்பிய இரட்டை டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, வீட்டு முன்னறையில் அவள் கேசட் பதிவுக் கடை நடத்திவந்தாள். கொடை மேடைகளில் எடுத்த ஒலிநாடாக்களை நம்பிராஜன் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும், இடிமுழக்கத்தின் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரைக்குமான நல்ல பாட்டுகளைப் பொறுக்கி ஒரே கேசட்டாகப் போடலாம் என்றாள். மந்திரமூர்த்திக்கு முகம் மலர்ந்தது. நாள்தோறும் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் தலையாட்டினான், அல்லது கையை வீசி வேண்டாமென்றான். ஏட்டையா பாட்டு வந்ததும் எழுந்து போய் இயந்திரத்தை அணைத்தான்.

“அத நீங்க முடிவு பண்ணக் கூடாது அண்ணாச்சி” என்றாள் ஹைருன் பீவி. “அந்த ஆவுடைத்தாய்ப் பிள்ளகிட்டப் போய்க் கேளுங்க.”

அவன் குற்றாலத்துக்குப் போனான். ஆவுடைத்தாய் விடுதியின் பின்புறம் துவைத்துக்கொண்டிருந்தாள். அவனை அடையாளம் தெரிந்தும் வேலையை நிறுத்தவில்லை. அவன் பேச வாயெடுத்ததும்தான் அவனுக்குக் குரல் இல்லையென்று கண்டு, கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். அவன் சொன்னதைக் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

“பத்து வருசமா இங்கனதான் கெடக்கேன். இப்பம்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?” என்றாள். பிறகு, “அதுல அவுக கொட்டுதது கேக்குமா?” என்று கேட்டாள்.

சுடலைக்கண்ணு அடித்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கொடைக்கெல்லாம் அவளை அவன் கூட்டிப்போனதில்லை. மறுநாள் கடைக்கு வந்து சுவரோரம் நின்று அந்தப் பாட்டைக் கேட்டாள். பாட்டின் நடுவில் டிரம் தனியே முழங்கும் இடத்தில் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இம்புட்டு வேகமாவா அடிச்சாவ” என்றாள். பாட்டைச் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

1986 சீசனில் கேசட் வெளிவந்தது. குற்றாலம் கடைகளில் தொங்கவிட்டார்கள். ஒரு டீக்கடையில் போட்டதற்கு, சத்தம் தாங்கவில்லை என்று குளிக்க வந்தவர்கள் நிறுத்தச் சொன்னார்கள். பழைய இளவட்டங்கள் சிலர் வாங்கினார்கள். சீசன் முடிந்தபோது முக்கால்வாசி அப்படியே திரும்பி வந்தது. கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்தில் நிறையத் தொடங்கி, சாமி பாட்டுக் கேசட் கேட்டார்கள். காலிக் கேசட் வாங்க ஹைருன் பீவிக்கு வழியில்லை. மீந்த கேசட்டுகளின் மேலேயே பக்திப் பாட்டுப் பதிந்தாள். அதை அவனிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் செய்தாள். அவன் கூடவே உட்கார்ந்து பழைய அட்டைகளை உருவிப் போட்டான்.

தை மாதம் அவன் இறந்தான். சாவு வீட்டில் நம்பிராஜன் மைக் செட் கட்டி, தன்னிடமிருந்த ஒரு கேசட்டைப் போட்டார். இரண்டாவது பாட்டிலேயே சொந்தக்காரர்கள், எழவு வீட்டில் இது என்ன கூத்து என்று சத்தம் போட்டு நிறுத்தவைத்தார்கள். தெருமுனையில் மகளோடு நின்றிருந்த ஆவுடைத்தாய், பாடை எடுக்கும்வரை இருந்தாள். யாரும் அவளை யாரென்று கேட்கவில்லை. குற்றாலம் பஸ் வந்ததும் மகளை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள்.