நெற்றியில் படித்த கணக்கு

பெயிண்டருக்குக் கணக்கு என்றாலே சின்ன வயதில் அடிதான். கூட்டல் தப்பினால் முட்டியைப் பேர்த்த வாத்தியார் ஒருபக்கம், மார்க்கைக் கேட்டுவிட்டுப் பெல்ட்டைக் கழற்றிய அப்பா மறுபக்கம். நடுவில் கிடந்து நசுங்கியவர் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டார். அன்றிலிருந்து சுவர்ப் பள்ளத்துக்குப் பட்டி பார்ப்பதும் உப்புத்தாள் தேய்ப்பதும் சாரத்தில் தொங்கிக்கொண்டு சுவருக்கு வெள்ளை பூசுவதும்தான் வாழ்க்கை.

மகள் பிறந்தபோது மனதுக்குள் இரண்டு சத்தியம் செய்துகொண்டார். இவள் கணக்கில் புலியாக வேண்டும். அதற்காக இவள் உடம்பில் ஒரு அடிகூட விழக் கூடாது. மகள் இரண்டாம் வகுப்புக்கு வந்த இந்த நாள்வரை இரண்டையும் காப்பாற்றிவிட்டதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், கை விரலில் ஒட்டிய பெயிண்டைத் தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டு, மகளை எதிரே சம்மணம் போட்டு உட்கார வைப்பார். முட்டியோடு முட்டி இடிக்கும்.

"ஏழும் ஆறும் எவ்ளோ?"

"பதி..." என்று இழுப்பாள். கண் இமைக்காமல் அவரையே பார்ப்பாள். "பதிமூணு!"

"அப்படிப் போடு! எட்டும் ஒம்பதும்?"

"பதி... பதினஞ்சு... இல்லப்பா, பதினேழு!"

"பாத்தியா? மூளை சரியாத்தான் இருக்கு. நாக்குதான் கொஞ்சம் முந்திக்கிது" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுப்பார்.

மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறவள். நாள் முழுக்க நின்ற கால் வலியோடு பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். "உங்ககிட்ட மட்டும்தான் சொல்றா. நான் கேட்டா ஊமைக்கோட்டான் மாதிரி நிக்கிறா."

"பாத்திரத்தைப் பாத்துக்கிட்டே கேட்டா பாத்திரம்தான் பதில் சொல்லணும். பிள்ளையைப் பாத்துக் கேளு."

வேலையிடத்தில் அவர் மகள் புராணம் ஓயாது. அதனால் அங்கே அவருக்குப் பெயரே வாத்தியார்தான்.

"வாத்தியாரே, நாளைக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. இந்தச் சுவத்துக்கு எத்தனை டப்பா பிடிக்கும்னு கேட்டுக்கலாம்" என்பார் மேஸ்திரி.

"கேளுங்களேன். டப்பா அடியில சொட்டு மிஞ்சாம சொல்லுவா. அப்புறம் உங்க வேலைக்குத்தான் ஆபத்து."

இப்படித் தலைகால் புரியாமல் இருந்தவரைப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். வகுப்பு டீச்சர் இளவயதுக்காரி. மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவளுடைய பரீட்சைத் தாளை எடுத்து நீட்டினாள். பெயர் மட்டும் முத்து முத்தாக எழுதியிருந்தது. மற்றபடி பூசி முடித்த சுவர்போல வெறிச்சென்று இருந்தது.

"கூட்டலே இன்னும் பிடிபடல சார். ஒண்ணாங்கிளாஸ் பாடத்தைத் திரும்பச் சொல்லித்தர ஒரு சின்ன குரூப் வச்சிருக்கேன். அதுல உக்கார வைக்கலாமான்னு உங்களைக் கேக்கத்தான்..."

பெயிண்டருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "யாரு, என் பொண்ணா? வீட்ல டக்கு டக்குன்னு சொல்றா. இங்க நீங்க என்ன சொல்லித்தர்றீங்கன்னுதான் எனக்குத் தெரியல!"

"இப்பவே கேளுங்களேன் சார்."

கேட்டார். ஏழும் ஆறும், எட்டும் ஒன்பதும், ஐந்தும் ஏழும். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. மார்பை நிமிர்த்தினார். டீச்சர் அவரைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் கண் போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜன்னல் பக்கமா திரும்பி நின்னு ஒண்ணு கேளுங்க சார். சின்னதா போதும்."

வெளியே மைதானத்தில் யாரோ பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடியே கேட்டார்: "அஞ்சும் மூணும் எவ்ளோ பாப்பா?"

சத்தமே இல்லை.

"சொல்லு பாப்பா."

"பதி..." என்றது குரல். "பதி... பதி..."

அதற்குமேல் அவரால் மைதானத்தைப் பார்க்க முடியவில்லை.

குரூப்பில் உட்கார வைக்கச் சரி என்று தலையாட்டினார். டீச்சர் ஒரு பை நிறையப் பாட்டில் மூடிகளைக் கொடுத்தாள். "தொட்டு எண்ணட்டும் சார். அவசரப்படுத்தாதீங்க."

வீட்டுக்குச் சைக்கிளில் திரும்பினார்கள். முன்கம்பியில் மகள். கொஞ்ச தூரம் போனதும் மெல்லக் கேட்டார். "இத்தனை நாளா எப்படி பாப்பா சொன்ன?"

அவள் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். "தப்பு வர்றப்போ உங்க நெத்தியில கோடு வரும்பா. அப்புறம் வாயை இப்படிக் கடிப்பீங்க. நான் உதட்டை அசைச்சு ஒவ்வொண்ணா சொல்லிப் பாப்பேன். சரியானது வந்துச்சுன்னா கோடு போயிடும்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள்: "அம்மாவுக்கு அந்தக் கோடே வராது. அதான் அம்மா கேட்டா எனக்குத் தெரியாது."

"அப்பா உன்னை அடிச்சதே இல்லையே பாப்பா."

"ஆமாப்பா. கோடு போனதும் நீங்க சிரிச்சிருவீங்கல்ல?"

பெயிண்டர் மிதித்துக்கொண்டே இருந்தார். தன் அப்பா பெல்ட்டில் கை வைக்கும்முன் அவர் முகம் எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷம் கழித்தும் அவருக்கு மறக்கவில்லை. அடி விழுந்த இடம் எங்கெங்கே என்றுதான் இப்போது நினைவில்லை.

அன்று சாயங்காலம் மூடிகளைத் தரையில் கொட்டினார். மகளை உட்கார வைத்துவிட்டு, தானே பூசிய சுவரைப் பார்த்து, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"நாலு மூடி எடு. இன்னும் ரெண்டு சேரு. மெதுவா எண்ணு பாப்பா. தப்பா வந்தாலும் பரவாயில்ல."

மூடிகள் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

"அப்பா, திரும்புங்கப்பா."

"மூடியைப் பாரு பாப்பா."

"திரும்புங்கப்பா. எனக்குத் தெரியல."

அவர் அசையவில்லை. சின்னப் பாதங்கள் சுவர் ஓரமாகச் சுற்றிவந்து அவர் முன்னால் நின்றன. குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் கோடு இல்லை. வாயும் கடித்திருக்கவில்லை. ஆனால் சிரிப்பும் இல்லை, கன்னம் இரண்டும் நனைந்திருந்தது. இப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததே இல்லை. இதற்கு எந்த விடை என்று அவளுக்குப் புரியவில்லை.

தரையில் ஆறு மூடிகள் கிடந்தன. அவற்றை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"பதி..." என்று மெதுவாக ஆரம்பித்தாள்.