நல்ல நேரம் பார்த்த கடற்பயணம்

என் தம்பி கப்பலில் முப்பது வருஷம் இஞ்சினியராக இருந்தவன். ஓய்வுபெற்றதும் ஒரு சின்னப் பாய்ப்படகை வாங்கித் தெற்கே காலி நகரத் துறைமுகத்தில் கட்டிவைத்தான். மாலைதீவு, சீஷெல்ஸ், பிறகு ஆபிரிக்கக் கரை என்று ஒரு வருஷப் பயணம், தன்னந்தனியாக. விசர் என்று முகத்துக்கு நேரேயே சொன்னேன். ஆனாலும் திட்டம் போட்டவன் நான்தான். துறைமுக வேலையில் காற்றையும் கடலையும் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் அவனுடைய பிளாட்டில், சாப்பாட்டு மேசையில் கடல் வரைபடத்தை விரித்தோம். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் புயல். பூமத்திய ரேகைக்குக் கீழே பங்குனி முடியும்வரை புயல். ஆகவே தையில் வெளிக்கிட்டு, சித்திரை வரை மாலைதீவில் நின்று, பிறகு தெற்கே இறங்கவேண்டும். வேறு வழியே இல்லை என்று சிவப்புப் பேனையால் கோடு போட்டுக் கொடுத்தேன்.

தம்பி மனைவி சாத்திரியாரிடம் போய் வந்தாள். தையோடு அவனுக்கு அட்டமத்துச் சனி தொடங்குதாம், அதற்குமுன் பயணம் தொடங்கிவிட வேண்டுமாம். மார்கழியில் எதையும் தொடங்கக் கூடாது. மிஞ்சியது கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை.

"அத்தான், அவர் தையில வெளிக்கிட்டால் எனக்குப் பச்சைத்தண்ணி பல்லில படாது," என்று என்னிடம் வந்து நின்றாள்.

"சனிக்கு நீந்தவும் தெரியுமோ?" என்று நக்கலடித்தேன். மூன்று கிழமை அழுதாள்.

கடைசியில் தம்பி சொன்னான்: "அண்ணை, இவளை அழவைச்சிட்டுப் போக ஏலாது. நீங்கள் ஓம் எண்டால் கார்த்திகையில போறன்."

எனக்கு அலுத்துப்போயிருந்தது. மாலைதீவுக்கு நாலு நாள்தானே, வானிலை இப்போது கைத்தொலைபேசியிலேயே தெரிகிறதே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். "ஓம், போ," என்றேன். பாழாய்ப்போன வாய்.

அந்த வியாழக்கிழமையே வெளிக்கிட்டான். மூன்றாம் நாள் புயலொன்று அவன் பாதைக்குத் திரும்பியது. "காத்து கூடுது, பாயை இறக்கிப்போட்டன்" என்று செய்மதித் தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்பினான். பிறகு ஒன்றும் வரவில்லை. தேடிப் போனவர்களுக்கு ஒரு பலகைகூட அகப்படவில்லை.

செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டியைச் செய்ய அவள் விடவில்லை. தை பிறந்ததும் ஐயரிடம் கேட்போம் என்று கோயிலுக்குக் கூட்டிப்போனேன். ஐயர் எல்லாவற்றையும் கேட்டுத் தலையில் கைவைத்தார்.

"அந்த நேரத்துக்கு வீட்டுப் படியைத் தாண்டி, கொட்டாஞ்சேனையில இந்தத் தமையன் வீட்டில அவர் போய் நிண்டிருக்கலாமே அம்மா. சாத்திரப்படி அது பயணம் துவங்கினதுதான். திரும்பி வீட்டுக்கு வராமல், தையில ஆறுதலாக் கடலுக்குப் போயிருக்கலாம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தான், உங்களுக்கு இது தெரியுமோ?"

வேலை கிடைத்து முதன்முதல் கொழும்புக்கு வந்தபோது, நானே நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டுக்குப் போய், இரண்டு நாள் அங்கே கிடந்துதான் ரயில் ஏறினேன். அவள் அழுத நாட்களிலேயே அது என் நினைவுக்கு வந்தது. என் வீட்டில் ஓர் அறையும் சும்மா கிடந்தது. சாத்திரத்தைப் பழித்த வாயால் சாத்திரத்துக்கு வழி சொல்ல வெட்கப்பட்டு விழுங்கிவிட்டேன்.

"தெரியாது பிள்ளை," என்றேன்.