டீச்சரின் கார் சவிட்டி

நான் நாலாம் கிளாசோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொழிலில் பிழை கண்டுபிடிக்க இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்றுதான் போன வருஷம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். பனச்சமூட்டில் ஒரு வாளியும் பழந்துணியுமாகத் தொடங்கியவன், இன்றைக்குச் சொந்த இடத்தில் வாட்டர் சர்வீஸ் நடத்துகிறேன். கேரள வண்டியும் தமிழ்நாட்டு வண்டியும் வரிசையில் நிற்கும். குளத்தூரிலிருந்து ஒரு டாக்டர் வழியில் மூன்று கடையைத் தாண்டி என்னிடம் வருவார். ஏன் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கார் கழுவ யாருக்கும் தெரியும். உள்ளே காலடியில் கிடக்கும் கம்பள விரிப்பைக் கழுவுவதில்தான் ஆள் யாரென்று தெரியும். எங்கள் பக்கத்தில் அதற்குச் சவிட்டி என்று பேர். காலால் சவிட்டுவதால், அதாவது மிதிப்பதால், சவிட்டி. ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் மழைநாளில் செருப்போடு ஏறி அந்த நூலுக்குள் உட்கார்ந்துவிட்டால் பிரஷுக்கு அசையாது. முதலில் கவிழ்த்துப் போட்டுத் தட்ட வேண்டும். ஷாம்பு ஊற்றி ஊறவிட வேண்டும். பிறகு பிரஷர் வாஷரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சாய்வாக, மேலிருந்து கீழே தண்ணீரால் இழுத்துக்கொண்டு வர வேண்டும். பக்கத்தில் கொண்டுபோனால் மண் சீக்கிரம் போகும். கூடவே அடியில் தரையைப் பிடித்து நிற்கும் ரப்பர் முள்ளும் உதிர்ந்து போகும். வேலைக்கு வந்த எல்லாரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

டீச்சர் அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நாலைந்து வயது மூப்பு. கணவர் இறந்த பிறகு, அறுபது தாண்டி, கார் ஓட்டப் படித்தார். ஊர் சிரித்தது. அவர் ஒற்றசேகரமங்கலம் வரைக்கும் தனியாக ஓட்டிப்போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு வந்தார். ஊர் சிரிப்பை நிறுத்தியது. பெங்களூரில் இருக்கும் ஒரே மகன், காரை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லி நச்சரிப்பான். "எனக்க காலு எனக்க சொல்லு கேக்குத வரைக்கும் நான் இங்கதான் ஆக்கும்" என்பார் டீச்சர்.

நல்ல மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஓய் முதலாளி, நாளைக்கு வண்டி வேணும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போணும். சவிட்டி உணங்குமா?"

"எனக்க கையில தந்து உணங்காத சாதனம் உண்டா டீச்சரே?"

"உனக்க வாயி உணங்காது. அது தெரியும்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகவே நானே இறங்கினேன். சீக்கிரம் கழுவினால்தான் சீக்கிரம் காயும். வாஷரைச் சாண் அளவு நெருக்கிப் பிடித்தேன். மண் ஒரே பாய்ச்சலில் போனது. ஓட்டுநர் பக்கத்துச் சவிட்டியின் ரப்பர் முள் கடுகு மாதிரி சிமெண்டுத் தரையில் சிதறியதைப் பார்த்தேன். பார்க்காதவன் மாதிரி விசிறிக்கு முன்னால் தொங்கவிட்டேன். மறுநாள் மதியம் டீச்சர் வந்து, "புதுசு மாதிரி இருக்கே" என்று தடவிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் கடைக் கழிவுநீர் ஓடையின் வலையைத் துப்புரவாக்கும்போது ஒரு கறுப்பு வளையம் கிடைத்தது. சவிட்டியைக் கார்த் தரையிலுள்ள கொக்கியில் மாட்டி நிறுத்தும் வளையம். முள்ளும் இல்லை, வளையமும் இல்லை என்றால் சவிட்டியைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. போனைக் கையில் எடுத்தேன். வாயைப் பற்றி நேற்றுத்தான் சொன்னார், இன்றைக்கு இதைச் சொன்னால் ஆலயம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார் என்று தோன்றியது. அடுத்த தடவை வரும்போது புதுச் சவிட்டி போட்டுக்கொடுக்கலாம் என்று போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும் இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. வளைவில் ஒரு வீட்டு மதிலில் போய் இடித்தது. டீச்சருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது மகன் வந்திருந்தான். டீச்சர் மயக்கம் முழுதாகத் தெளியாமல், "சவிட்டினேன் மக்கா. பிரேக்கைத்தான் சவிட்டினேன். சவிட்டி விடல்ல. சவிட்டினேன், சவிட்டி விடல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நர்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகன் முகம் சுருங்கிவிட்டது. மிதித்தேன், மிதிக்கவில்லை என்று ஒரே மூச்சில் சொல்வதாகக் கேட்டு, அம்மைக்குப் புத்தி தடுமாறுகிறது என்றுதான் அவன் நினைத்தான். இருந்தாலும் என்னிடம் கேட்டான்.

"மாமா, உங்களுக்குத் தெரியாதது இல்ல. சவிட்டி நகந்து பிரேக்குக்கு அடியில போகுமா? இல்ல, அம்மை காலு மாறிச் சவிட்டிட்டாளா?"

"எனக்க கடையில கழுவின சவிட்டி அங்க இங்க அசையாது மக்கா" என்றேன்.

நினைத்துச் சொன்னதல்ல. வாய் சொல்லிவிட்டது. டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் நின்ற நிலையிலேயே மகன் விற்றான். இரண்டு மாதம் போயிற்று. அந்த இரண்டு மாதமும் கடைக்கு வந்தவர்களிடம் என் பெருமையை முன்பைவிட அதிகமாகப் பேசினேன். டீச்சர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெங்களூருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்ட அன்றுதான் அவர் வீட்டுப் படி ஏறினேன்.

நடக்க உதவும் கம்பிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நானும் யோசிச்சுப் பாத்தேன்" என்றார். "நீ சொன்னா சரியாட்டுதான் இருக்கும். எனக்க காலுதான் தெத்திப் போச்சு. இப்ப கட்டில்ல இருந்து எந்திக்கும்போதும் எந்தக் காலை முதல்ல வைக்கணும்னு யோசிக்கேன், பாத்துக்கோ."

அப்போது சொன்னேன். வாஷரை நெருக்கிப் பிடித்தது, முள் சிதறியது, வளையம் கிடைத்தது, போனை எடுத்துவிட்டு வைத்தது, எல்லாம். திட்டுவார் என்று தலையைக் குனிந்திருந்தேன். ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப எனக்க காலு?"

"பிரேக்கில இருந்தது டீச்சரே. சரியாட்டு பிரேக்கிலதான் இருந்தது."

உடனே மகனைப் போனில் கூப்பிட்டு என் கையில் தந்தார். அவனிடமும் எல்லாம் சொன்னேன்.

"மாமா, நீங்க நல்ல மனுசன்" என்றான் அவன். "அம்மைக்க மனசு தேறட்டும்னு பழியைத் தூக்கி உங்க தலையில போடுதீங்க. உங்க வேலை எப்படின்னு ஊருக்கே தெரியும்லா."

"சத்தியமாட்டு சொல்லுகேன் மக்கா."

"சரி மாமா, சரி. வியாழக்கிழமை காலையில டாக்சி வரும். சாமான் ஏத்த ஒரு கை பிடிங்க."

டீச்சர் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அவன் நம்பாண்டாம். நீ இன்னும் ஒருக்கா சொல்லு" என்றார். முதலிலிருந்து சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

வியாழக்கிழமை போய்ச் சாமான் ஏற்றிக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இடைக்கிடை பெங்களூரிலிருந்து போன் வரும். சுகமா என்று கேட்க மாட்டார். "எனக்க காலு எங்க இருந்தது?" என்பார். "பிரேக்கில, டீச்சரே" என்பேன். வைத்துவிடுவார்.

போன மாதம் போன் வந்தபோது அந்தக் கேள்வி வரவில்லை. மழை உண்டா என்று கேட்டார், சோறு தின்றாயா என்று கேட்டார், மறுபடியும் மழை உண்டா என்று கேட்டார். நானாகவே, "பிரேக்கிலதான் இருந்தது டீச்சரே" என்றேன்.

"எந்தக் காருல?" என்றார்.