தேன்கூட்டுக்கு மேலே ஒரு பகல்

போன வருடம் பங்குனி மாதம், திருப்பூர் மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியை ஒட்டி நிற்கும் செல்ஃபோன் டவரில் நடந்தது இது. டவர் ஏறுவதுதான் என் தொழில். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. என் மனைவி ஊரின் இன்னொரு பக்கத்தில் வேறொரு பனியன் கம்பெனியில் டெய்லர்.

எங்கள் வேலைக்கு ஒரே ஒரு பெரிய விதி உண்டு. உடம்பைச் சுற்றிக் கட்டிய பெல்ட்டிலிருந்து இரண்டு கயிறு வரும். இரண்டின் நுனியிலும் கொக்கி. ஒரு கொக்கியை மாட்டிய பிறகுதான் அடுத்ததைக் கழற்ற வேண்டும். எந்த நொடியிலும் ஏதாவது ஒன்று இரும்பைப் பிடித்திருக்க வேண்டும். ஏணியில் இப்படி மாற்றி மாற்றி ஏறினால் நேரம் ஆகும், தோள் கடுக்கும். ஆனாலும் செய்துதான் ஆக வேண்டும்.

அன்று காலை நான் உச்சியில் இருந்த சின்னத் தட்டில் நின்று ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கீழே என் கூட்டாளி. ஜார்கண்ட்காரர், தமிழ் அரைகுறை. அண்ணன் என்பதற்கு இந்தியில் 'பாய்' என்றுதான் என்னைக் கூப்பிடுவார். இருவரும் காதில் இயர்போன் மாட்டி, ஃபோனிலேயே பேசிக்கொண்டு வேலை பார்ப்போம். ஏறுவதற்கு முன் இருவரும் டவரை அண்ணாந்து பார்த்திருந்தோம். ஆனால் பாதி உயரத்தில் இருந்த பெரிய டிஷ் ஆன்டெனாவுக்குப் பின்னால் மலைத்தேனீ கட்டியிருந்த கூடு, தரையிலிருந்து பார்த்தால் தெரியாது. கொக்கியிலேயே கண்ணாக ஏறியதால், அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

ஒரு பருந்து வந்து அந்தக் கூட்டில் அடித்துவிட்டுப் போனது. கறுப்பாக ஒரு மேகம் கிளம்பியதைப் பார்த்தேன். அடுத்த நிமிடம் கண் இமை, காது மடல், கழுத்து என்று நெருப்பை வைத்து அழுத்தியது மாதிரி எரிந்தது.

அந்த நேரத்தில் விதியாவது ஒன்றாவது! இறங்கு, ஓடு என்றுதான் உடம்பு சொன்னது. ஒரு கொக்கியைக் கழற்றிவிட்டேன். அடுத்ததன் மேலும் கை போய்விட்டது. கூட்டாளி இயர்போனில் கத்தினார்.

"பாய், ஹூக் கழட்டாதே! மத் கோலோ! கீழே வந்தா இன்னும் கடிக்கும். உட்காரு, ஆடாதே!"

அந்தக் குரலில் இருந்த பயம்தான் என்னை நிறுத்தியது. கழற்றியதைத் திரும்ப மாட்டினேன். காலரை இழுத்துவிட்டு, முகத்தைக் கைக்குள் புதைத்து, கம்பத்தோடு ஒட்டிக் குந்தி உட்கார்ந்தேன். மேலே ஊர்ந்ததையெல்லாம் தட்டிவிடக்கூட இல்லை. எவ்வளவு நேரமோ, இரைச்சல் மெல்லக் கீழே இறங்கியது. எனக்கும் தரைக்கும் நடுவில், ஏணியைச் சுற்றியே அவை பறந்துகொண்டிருந்தன.

கம்பெனியிலிருந்து ஆட்கள் கூடிவிட்டார்கள். வேஸ்ட் துணியைக் கொளுத்திப் புகை போடலாம் என்று யாரோ சொல்ல, "புகை மேலேதான் போகும், அண்ணனுக்கு மூச்சு முட்டும்" என்று கூட்டாளி தடுத்தது எனக்குக் கேட்டது. தீயணைப்பு நிலையத்திலும் பொழுது சாயும்வரை அசையாமல் இருக்கச் சொன்னார்களாம். மாலைக்கு இன்னும் எத்தனையோ நேரம் இருந்தது. கையிலிருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. இரும்பு தோசைக்கல்லாகக் காய்ந்தது.

அப்போது இயர்போனில் ஒரு பெண் குரல். கூட்டாளியின் ஃபோனை வாங்கிப் பேசினார்.

"தம்பி, நான் பக்கத்துக் கம்பெனி சூப்பர்வைசருங்க. பயப்படாதீங்க கண்ணு. நீங்க எறங்கற வரைக்கும் நாங்க இங்கயேதான் இருப்போம். ஊட்டுல யாருக்காச்சும் சொல்லோணுங்களா?"

"வேண்டாங்க்கா. அவ பயந்துருவா."

"சரிங்க. நீங்க என்ன சைஸ் போடுவீங்க?"

எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்குக்கா?"

"குளிர் நாட்டுக்குப் போற ஆர்டர் ஒண்ணு ஓடுதுங்க. தலைக்குத் தொப்பி வெச்ச கனமான சட்டை. கொடுக்கு உள்ள ஏறாது. வெள்ளைக் கலரா பார்த்து எடுக்கறேன். கருப்புன்னா தேனீ மொய்க்குமுங்க."

"பெல்ட்டைக் கழட்டாம சட்டை போட முடியாதுக்கா."

"கழட்டவே வேண்டாமுங்க. முன்பக்கம் கீறி நாடா வெச்சுத் தர்றோம். உங்க கவுறு அது வழியா வெளிய வரட்டும்."

என் சைஸைச் சொன்னேன். கயிற்றுக்கு எங்கே இடம் விட வேண்டும் என்று கூட்டாளியின் பெல்ட்டில் வைத்துப் பார்த்துத்தான் ஒரு டெய்லர் தைத்தாராம். சாமான் ஏற்றும் கயிறு கூட்டுக்கு எதிர்ப்புறமாகத் தொங்கியது. கூட்டாளி அதில் ஒரு பையைக் கட்டிவிட, மெதுவாக இழுத்தேன். பையில் அந்தச் சட்டை, நனைத்துப் பிழிந்த பனியன் துணிகள், பாட்டிலில் மோர். ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு மோரைக் குடித்தபோது அழுகை வந்துவிட்டது. மதியம் முழுக்க அந்த அக்கா விட்டுவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், ஊரில் மழை உண்டா என்று சும்மா பேச்சுத்தான். நான் கண் அசந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று பிறகு புரிந்தது.

வெயில் தாழ்ந்தது. தேனீக்கள் கூட்டில் போய் ஒட்டிக்கொண்டன. "இப்ப மெதுவா வாங்க பாய்" என்றார் கூட்டாளி. பனி நாட்டுச் சட்டையை பெல்ட்டுக்கு மேலேயே மாட்டி நாடாவை முடிந்தேன். முகத்தில் ஈரத்துணி, கண் மட்டும் வெளியே. ஒரு கொக்கியை மாட்டு, ஒன்றைக் கழற்று, ஒரு படி இறங்கு. இரும்பில் கொக்கி மோதிச் சத்தம் வராமல் கையால் பொத்தி மாட்டினேன். கூட்டின் பக்கத்தில் வந்தபோது அது மெல்ல அலையடித்ததைப் பார்த்தேன். தாவி இறங்கிவிடலாமா என்று அங்கேயும் ஒரு ஆசை வந்தது. அக்கா சொன்னபடியே அத்தனை பேரும் கீழே நின்றிருந்தார்கள். நான் கொக்கி மாற்றியே இறங்கினேன்.

தரையில் கால் பட்டதும் கூட்டாளி கட்டிப்பிடித்துக்கொண்டார். தயாராக நின்ற ஆம்புலன்ஸில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் ஓர் இரவு. வீங்கின முகத்தைப் பார்த்து என் மனைவி அழுதாள், திட்டினாள். பிறகு அந்தச் சட்டையைத் திருப்பிப் பார்த்து, "தையல் சுத்தமா இருக்கே!" என்றாள்.

மறு வாரம் குடும்பத்தோடு போய் எல்லோரையும் பார்த்துவிட்டு வந்தோம். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "சைஸ் சரியாத்தான் சொல்லியிருக்கறீங்க" என்றார். டவரிலிருந்த கூட்டை ஆள் வைத்து எடுத்தார்கள். இப்போதெல்லாம் நாங்கள் நாலு பக்கமும் தள்ளி நின்று, பைனாகுலர் வைத்துப் பார்த்த பிறகுதான் ஏறுகிறோம்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உச்சியில் நிற்கும்போது கீழே ஏதோ ஒரு கம்பெனியில் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் காற்றில் வந்தால், நான் அங்கே தனியாக இல்லை என்று மனசு நிதானமாகிவிடுகிறது.